இரண்டு மணி ரியூசனை நாலு மணிக்கு மாற்றுவோம்



சித்திரை நடுப்பகுதியில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே நிற்கும். வைகாசியிலும் வெக்கை குறையாது. அந்த வெயிலில்தான் 1.30க்குப் பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள், அரைகுறையாய்ச் சாப்பிட்டுவிட்டு 2 மணி ரியூசனுக்குச் சைக்கிள் மிதிக்கிறார்கள்.

"அந்தக் காலத்தில் நாங்கள் ஓடவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. 2022 பெற்றோல் வரிசைக் காலத்திலும் சைக்கிள்தான் கைகொடுத்தது. ஆனால் அன்று வேறு வழி இருக்கவில்லை. வகுப்பு நேரத்தை மாற்ற இன்று வழி இருக்கிறது.

எங்கள் ஊர் கடல் சூழ்ந்தது. காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். புழுக்கத்தில் அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், சூடு உள்ளேயே தங்கிவிடும். ஓடும்போது காற்றுப் படுவதால் தெரியாது. இறங்கி நின்றதும்தான் தலை சுற்றும். அப்படி வந்து மேசையில் தலைவைக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவது நியாயமா?

2024 வெயிலில் கல்வி அமைச்சே பாடசாலை வெளிக்கள விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தச் சொன்னது. மைதானத்துக்கு ஒரு வெயில், வீதிக்கு வேறு வெயிலா?

ஆசிரியர்களாக நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ரியூசன் நடத்துபவர்களே, அஸருக்குப் பிறகு 4 மணிக்குத் தொடங்குங்கள். 6 மணிக்கு விட்டால் மஃரிபுக்கு முன் பிள்ளைகள் வீடு சேர்வார்கள். பெற்றோரே, ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். பள்ளிவாசல், கடை வாசல்களில் ஒரு மண்பானை வைப்போம். யாருக்காவது தலை சுற்றினால் நிழலில் இருத்தி, முகம் கழுத்தை நனைத்து விசிறுங்கள். மயங்கிவிட்டால் வாயில் தண்ணீர் ஊற்றாமல் உடனே 1990க்கு அழையுங்கள்.

பரீட்சைக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தினால்தான் குற்றம். ரியூசன் இரண்டு மணித்தியாலம் பிந்தினால் ஒன்றும் குறையாது.