காதை எண்ணிக் கட்டணம் கேட்டால் குட்டி வானொலி பிழைக்குமா?

கேமரன் மலையில் எஃப்.எம். கேட்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. தேயிலைக் காட்டின் மேட்டில் தெளிவாகப் பாடும் வானொலி, பள்ளத்தில் இருக்கும் லயத்து வீட்டுக்கு வந்ததும் கரகரக்கத் தொடங்கும். பெட்டியின் மேல் குற்றமில்லை. எஃப்.எம். அலை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் செல்கிறது. அதன் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர்தான். இத்தனை குறுகிய அலை ஒரு மலையை வளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்குவது அரிது. கோபுரத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு குன்று நின்றால், அதன் நிழலில் இரைச்சல்தான் மிஞ்சும்.

இணைய வானொலிக்கு இந்தத் தொல்லை குறைவு. கைப்பேசி அலைக்கும் மலை மறைப்பு உண்டு என்றாலும், வீட்டில் வைஃபை இருந்தால் போதும்; மின்னல் எஃப்.எம். ஆனாலும் ராகா ஆனாலும் ரிங்லெட்டிலும் கம்போங் ராஜாவிலும் ஒரே தரத்தில் ஒலிக்கும். இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. எஃப்.எம். நிலையம் தொடங்க அலைவரிசை உரிமம் வேண்டும், கோபுரம் வேண்டும். இணைய நிலையத்துக்கு ஒரு கணினியும் ஒலிவாங்கியும் இருந்தால் கருவிப் பக்கம் முடிந்துவிட்டது. ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் ஊருக்கென ஒரு தமிழ் வானொலியைத் தொடங்கக் கருவிகள் தடையாக இருக்காது. தடை வேறிடத்தில் இருக்கிறது. அது பாடலுக்குக் கட்ட வேண்டிய ராயல்டி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த ராயல்டியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது.

மாணவர்களே, கோபுரத்தில் இருந்து கிளம்பும் அலையை ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பும் செலவு ஒன்றுதான். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதும் கோபுரத்துக்குத் தெரியாது. ஆய்வு நடத்தி மதிப்பிடத்தான் முடியும். இணையம் அப்படி இல்லை. கேட்கும் ஒவ்வொருவருக்கும் சேவையகம் தனித்தனி ஓடையை அனுப்புகிறது. நொடிக்கு 64 கிலோபிட் வேகம் என்றால், ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் 28.8 மெகாபைட். யார் எப்போது வந்தார், எந்தப் பாட்டின் நடுவில் போனார் என்பது வரை பதிவேட்டில் இருக்கும். எண்ண முடிந்ததால்தான் எண்ணிக்கைக்குக் கட்டணம் கேட்கும் எண்ணமே பிறந்தது.

அமெரிக்காவில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்ப்போம். அங்கே சட்டம் ஒரு விநோதம். கோபுர வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பணம் போகும். பாடியவருக்கும் பதிவு நிறுவனத்துக்கும் போகாது. அதே பாட்டை இணைய வானொலி ஒலிக்கச் செய்தால் எல்லாருக்கும் கட்ட வேண்டும். 2007 மார்ச்சில் அந்நாட்டின் பதிப்புரிமை ராயல்டி வாரியம் பதிவுகளுக்கான கட்டணத்தை அறிவித்தது. ஒரு பாட்டு, ஒரு கேட்பவர் என்ற கணக்கில் 2006க்கு 0.0008 டாலர், படிப்படியாக ஏறி 2010இல் 0.0019 டாலர். பார்த்தால் தூசி போன்ற தொகை. பெருக்கிப் பாருங்கள். மணிக்கு 15 பாட்டு, நாளுக்கு 360, ஆண்டுக்கு 1,31,400. அதை 0.0019ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 250 டாலர். எந்நேரமும் சராசரியாக 100 பேர் கேட்கும் ஒரு சின்ன நிலையத்துக்கு ஆண்டுக்கு 25,000 டாலர். கணக்குக்காக டாலருக்கு நான்கு ரிங்கிட் என்று வைத்தால் ஒரு லட்சம் ரிங்கிட்! நூறு பேருக்கு விளம்பரம் தர எந்தக் கடைக்காரர் வருவார்?

அந்த ஆண்டு ஜூன் 26ஆம் தேதி அமெரிக்க இணைய வானொலிகள் பல, ஒரு நாள் முழுக்கப் பாட்டை நிறுத்தி மௌனம் காத்தன. அதற்கு முந்தைய மாதமே பண்டோரா என்ற புகழ்பெற்ற சேவை, உரிமச் சிக்கலால் பெரும்பாலான வெளிநாடுகளுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. இணையத்துக்கு எல்லை இல்லை என்பார்கள். பாட்டின் உரிமத்துக்கு இருக்கிறது. 2009இல் ஓர் உடன்பாடு வந்தது: சிறு நிலையங்கள் காதுக் கணக்கை விட்டு, வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டலாம். அது 2015 இறுதியோடு காலாவதியானது. ஆயிரக்கணக்கான குட்டி நிலையங்களுக்கு இடம் கொடுத்திருந்த லைவ்365, 2016 ஜனவரி 31 அன்று மூடப்பட்டது. முதலீட்டாளர்கள் கைவிட்டதும் ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் பங்குக் கணக்கு இருந்தவரை அந்த நிலையங்கள் ஓடின. மறு ஆண்டு வேறொருவர் கையில் லைவ்365 மீண்டும் திறந்தது; பழைய நிலையங்கள் எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை.

பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் போய், விற்ற கோப்பைக்கு அல்ல, நின்று மணம் பிடித்தவர்களின் தலைக்கு வாடகை கட்டு என்றால் எப்படி இருக்கும்? கூட்டம் சேரச் சேரக் கடன் ஏறும்.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்த்திசையில் ஓடிவிடுகிறார்கள். 'பாட்டு காற்றில் வருவது, காற்றுக்கு என்ன காசு?' என்று கேட்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. கொழுந்து பறிப்பவருக்குக் கூலி உண்டு என்றால், பாட்டுக் கட்டுபவருக்கும் உண்டு. யோகி பி & நட்சத்திராவின் 'வல்லவன்' 2006இல் வெளிவந்து, நம் நாட்டுத் தமிழ் ராப் இசையைத் தமிழகம் வரை கொண்டு போனது. அதைப் போன்ற முயற்சிகளில் இறங்கும் இன்றைய இளைஞர்கள் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாட்டுப் பதிவு செய்கிறார்கள். அவர்களுக்கு வர வேண்டிய பணத்தை ஏமாற்றும் வானொலி எனக்கு வேண்டாம். அதே சமயம், சென்னைத் திரைப்பாடலை எல்லா நிலையமும் போடும். கேமரன் மலையில் ஒருவர் பதிவு செய்த பாட்டை யார் போடுவார்கள்? குட்டி வானொலிகள்தான். அவை மூடினால் ராயல்டி விகிதம் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தக் கலைஞருக்கு வருவது சுழியம்தான்.

நாம் கேட்கும் தமிழ்ப் பாடல்களில் பெரும்பகுதி தமிழகத்தில் பிறந்தது என்பதால், இந்தியாவில் நடந்ததையும் தெரிந்துகொள்வது நல்லது. 2010 ஆகஸ்டில் அங்கே பதிப்புரிமை வாரியம், எஃப்.எம். நிலையங்கள் பதிவு நிறுவனங்களுக்கு நிகர விளம்பர வருமானத்தில் 2 விழுக்காடு கட்டினால் போதும் என்று வகுத்தது. 2012 சட்டத் திருத்தம், ஒலிபரப்பாளர்கள் நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தைக் கட்டிப் பாடலைப் போடலாம் என்ற உரிமையையும் சேர்த்தது. இணையத்துக்கும் அது பொருந்துமா? பொருந்தாது என்று 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. இணைய நிலையம் ஒவ்வொரு பதிவு நிறுவனத்திடமும் நேரில் பேரம் பேச வேண்டும். பெரிய நிறுவனம் வழக்கறிஞர்களோடு போகும். தோட்டத்துப் பிள்ளைகள் யாரோடு போவார்கள்?

மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இந்த விஷயத்தை ஆள்கிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் எம்.ஏ.சி.பி.; பதிவு நிறுவனங்கள் சார்பில் பி.பி.எம்.; பாடகர், வாத்தியக் கலைஞர் சார்பில் ஆர்.பி.எம். என உரிமம் வழங்கும் அமைப்புகள் உள்ளன. அமெரிக்காவின் பழைய விநோதம் இங்கே இல்லை என்பது நல்ல செய்தி. நான் வலியுறுத்துவது, சிறு இணைய நிலையத்துக்குத் தனிக் கட்டண வரிசை வேண்டும் என்பதே. வருமானம் வந்தால் அதில் ஒரு பங்கு; வராத நிலையத்துக்கு ஆண்டுக்கு ஒரு சிறு நிலைத் தொகை; கேட்பவர் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் காதுக் கணக்கு. இது கனவுத் திட்டம் அல்ல. அமெரிக்காவிலேயே இலாப நோக்கற்ற நிலையங்களுக்கு மாதம் 1,59,140 கேட்பு மணி வரை ஆண்டுக்கு ஒரு குறைந்தபட்சக் கட்டணம்தான். முன்பு 500 டாலராக இருந்தது, 2021இல் 1,000 ஆனது. எந்நேரமும் 218 பேர் கேட்பதற்கு அது சமம். கேமரன் மலை வானொலி ஒன்றுக்கு இந்த வரம்பு தாராளம்.

பதிலுக்கு நிலையமும் ஒன்றைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 குறியீடுகள் கொண்ட அடையாளக் குறி தரலாம். பாட்டு ஒலிக்கும்போதே அந்தக் குறியைப் பட்டியலில் எழுதும் நிரலை ஒரு படிவம் நான்கு மாணவரால் எழுத முடியும். மாதக் கடைசியில் அந்தப் பட்டியல் உரிம அமைப்புக்குப் போனால், கட்டிய பணம் எந்தக் கலைஞரின் பாட்டுக்கு என்பதில் மழுப்பலுக்கு இடமிருக்காது. எண்ணும் கணினியின் திறமையை இங்கே பயன்படுத்தலாமே! பணத்தைப் பறிக்க எண்ணுவதைவிட, சரியான கையில் சேர்க்க எண்ணுவது மேல்.

உரிமக் கட்டணத் திட்டங்கள் பற்றிய தகராறுகளை விசாரிக்க நம் சட்டத்திலேயே பதிப்புரிமைத் தீர்ப்பாயம் உண்டு. பத்துச் சிறு நிலையங்கள் சேர்ந்து முறையிட்டால் தனிக் கட்டணம் பற்றிப் பேசத் தொடங்கலாம். அதுவரை காத்திருக்க முடியாத பள்ளி வானொலிக் குழுக்கள், உள்ளூர்க் கலைஞர்களிடமே எழுத்து மூலம் அனுமதி பெற்று அவர்களுடைய பாடல்களைப் போடலாம். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், பதிவு செய்தவர் என அத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும். அவர்களில் யாராவது எம்.ஏ.சி.பி. உறுப்பினராக இருந்தால், ஒலிபரப்பு உரிமையை ஏற்கெனவே அந்த அமைப்பிடம் ஒப்படைத்திருப்பார். அப்போது அவர் கையெழுத்து மட்டும் செல்லாது. ஆகவே உறுப்பினரா என்பதை முதலில் கேட்டுக்கொண்டு படிவத்தை நீட்டுங்கள்.