உறையின் மேல் ஒரு வரி

கோடியக்கரையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் வெறுமே 'தம்பி' என்றே இங்கே குறிப்பிடுகிறேன்.

கோடியக்கரை என்றதும் உங்களில் பாதிப் பேருக்குப் பூங்குழலியின் படகு கண்முன் வந்திருக்கும். மீதிப் பேருக்குப் பூநாரையும் வெளிமானும் வந்திருக்கும். தம்பிக்கோ அந்த ஊர் என்றால் கருவாடு! ஐப்பசி பிறந்தால் வெளியூர் மீனவர்கள் அந்தக் கரையில் வந்து தங்கித் தொழில் செய்வார்கள். பங்குனி வரையில் கரை கலகலவென்றிருக்கும். அந்த மாதங்களில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி, உப்பிட்டுக் காயவைத்து, சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் பார்சலில் அனுப்புகிறார். வாடிக்கைக்காரர்கள் சுமார் 600 பேர். வாரம் ஒரு முறை அவர்களுக்கு மின்னஞ்சல் போகிறது.

முதல் வருஷம் அந்த மின்னஞ்சலுக்கு அவர் வைத்த தலைப்பு 'செய்தி மடல் 7', 'செய்தி மடல் 8' என்று இருந்ததாம். பஞ்சாயத்து ஆபீஸ் கோப்பு மாதிரி இருந்தால் யார் திறப்பார்கள்? பட்டணத்திலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர், "இப்படியா எழுதுவது? 'அவசரம்! இன்றே கடைசி நாள்!!!' என்று போடப்பா" என்றார். போட்டார். அந்த வாரம் சரக்கு பறந்தது. அடுத்த வாரமும் 'இன்றே கடைசி நாள்'. அதற்கடுத்த வாரமும் அதே. எட்டு வாரம் தொடர்ந்து கடைசி நாளாகவே இருந்தது!

பிறகு கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டது. பணம் கட்டியவர்களின் பார்சல்கள் நகரவில்லை. தம்பி பதறிப்போய், "நாலு நாள் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள், வேண்டாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று உருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். தலைப்பு: 'அவசரம்! முக்கிய அறிவிப்பு!' ஒருவரும் திறக்கவில்லை. பலருக்கு அது குப்பைக் கூடைக்கே போயிருந்தது. டெலிபோனில் ஏச்சுத்தான் மிச்சம். "ஐயா, அன்றைக்கு நான் எழுதியது சத்தியம். அதை மட்டும் ஏன் யாரும் பார்க்கவில்லை? தலைப்பு எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் ஊருக்கு வடக்கே நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 1-ஆம் எண் ஏற்றினால் தூரத்துக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று பொருள். 10-ஆம் எண் என்றால் கடும் புயல் துறைமுகத்தின் மேலேயோ அருகிலேயோ கடக்கப் போகிறது என்று பொருள். 11 என்றால் இன்னும் வேடிக்கை: வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது! இவ்வளவும் ஒரே ஓர் எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கூடக் கூண்டைக் கேட்டுவிட்டுப் படகை மேலே இழுத்துக் கட்டுவார். ஏன்? தூறல் போட்ட அன்றைக்கெல்லாம் யாரும் 10-ஆம் எண்ணை ஏற்றுவதில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா கரையேறியபோது வேதாரண்யம் வட்டாரம் என்ன பாடுபட்டது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எட்டு வாரம் 10-ஆம் எண்ணை ஏற்றிவிட்டு, ஒன்பதாவது முறை நிஜப் புயலுக்கும் அதையே ஏற்றினீர்கள்.

குப்பைக் கூடைக் கதை இருக்கிறதே, அதற்கும் கணக்கு உண்டு. 'இது குப்பை' என்று வாங்குகிறவர் ஒரு பொத்தானை அழுத்தினால் அது உங்கள் பேரில் பதிவாகிறது. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மின்னஞ்சலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் சில நிபந்தனைகள் வந்தன. வேண்டாம் என்கிறவர் ஒரே அழுத்தலில் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும். குப்பைப் புகார் 0.3 சதவிகிதத்தை எட்டக்கூடாது. நீங்கள் சின்ன வியாபாரிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 600 பேரில் இரண்டே பேர் கோபித்துக்கொண்டால் அந்த அளவைத் தாண்டியாயிற்று!

சட்டமும் சும்மா இல்லை. இணைய வியாபாரத்தில் வாங்குகிறவரை ஏமாற்றும் தந்திரங்கள் 13 என்று பட்டியல் போட்டு, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வெளியிட்டது. அதில் முதலாவது என்ன தெரியுமா? பொய்யான அவசரம்! அமெரிக்காவில் தலைப்பில் பொய் சொல்லக்கூடாது என்று 2003-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கேதானே இந்தத் தொல்லை பிறந்தது! 1978 மே மாதத்தில் கேரி துர்க் என்பவர் தமது கம்பெனியின் கம்ப்யூட்டரை விற்பதற்காகச் சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். விலாசங்கள் இடம் கொள்ளாமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்துவிட்டனவாம். நல்ல விற்பனை நடந்தது என்று அவர் சொல்லிக்கொண்டார். வசவும் நிறையக் கிடைத்தது.

சரி, எப்படித்தான் எழுதுவது?

உங்கள் பக்கத்து ஊரே உப்பளம். சங்க காலத்து உமணப் பெண்ணைக் கேளுங்கள்; அகநானூற்றில் அவள் தெருவில் கூவி விற்கிற காட்சி வருகிறது. என்ன பண்டம், எதற்கு மாற்று என்ற இரண்டைத்தான் அவள் கூவுகிறாள். 'அரிய வாய்ப்பு' என்றோ 'நம்பினால் நம்புங்கள்' என்றோ கூவவில்லை. வீட்டுக்குள் அடுப்படியில் இருக்கிறவளுக்கு அது போதும். நெல்லை முறத்தில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

இன்னொரு விஷயம் நம் பாஷைக்கே உரியது. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். செல்போன் திரையிலோ நாலைந்து சொல் தெரிந்தாலே அதிகம். மிச்சத்தை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடுகிறது. 'கோடியக்கரையிலிருந்து இந்த வாரம் புதிதாகக் காய்ந்த நெத்திலி வந்திருக்கிறது' என்று நீங்கள் இலக்கண சுத்தமாக எழுதினால், வாடிக்கைக்காரர் கண்ணில் படுவது 'கோடியக்கரையிலிருந்து இந்த வாரம்...' என்பதுதான். இந்த வாரம் என்ன? மழையா, கல்யாணமா? ஆகவே வாக்கியத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள். 'நெத்திலி வந்தாயிற்று, கிலோ இன்ன விலை' என்று பண்டம் முதலில் வரட்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். அனுப்புகிறவர் பெயர் இருக்கும் இடத்தில் அதைப் போட்டுவிட்டால் தானே தெரியும். (தமிழிலேயே தலைப்பு எழுதுங்கள், தயங்காதீர்கள். ஆரம்பத்தில் மின்னஞ்சல் தலைப்பு ஆங்கில எழுத்தை மட்டுமே ஏற்றது. மற்ற மொழிகளுக்கு 1992-ல்தான் வழி வகுத்தார்கள். வந்த வழியை வீணாக்குவானேன்?)

விலை சொல்ல விருப்பமில்லை, கொஞ்சம் ஆவலைத் தூண்ட வேண்டும் என்கிறீர்களா? அதற்கு உங்கள் ஊரைக் கதையில் ஏற்றிய கல்கியிடம்தான் போக வேண்டும். 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையாக ஆரம்பமாயிற்று. அதன் அத்தியாயத் தலைப்புகளை மட்டும் ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். 'ஆடித் திருநாள்', 'நடுநிசிக் கூட்டம்', 'சேற்றுப் பள்ளம்' எல்லாம் ஒரு சொல், இரண்டு சொல்தான். 'நடுநிசிக் கூட்டம்' என்று படித்த பிறகு புத்தகத்தை மூடிவைக்க யாருக்கு மனசு வரும்? உள்ளே போனால் நடுநிசியும் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. தலைப்பு ஏமாற்றவில்லை, அதனால்தான் வாசகர்கள் வாரா வாரம் வந்தார்கள்.

பெரிய இடத்துக்காரர்கள் இதை ஆராய்ச்சியாகவே செய்கிறார்கள். 2012 தேர்தலில் ஒபாமாவின் ஆட்கள் நிதி திரட்டும் ஒரே கடிதத்துக்குப் பல தலைப்புகள் வைத்துச் சிறு கூட்டங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 'வசூலில் எதிராளி என்னை மிஞ்சப் போகிறார்' என்ற பொருளில் ஒரு தலைப்பு 26 லட்சம் டாலருக்கு மேல் கொண்டுவந்தது. சோதனையில் கடைசியாக நின்ற தலைப்பை அனுப்பியிருந்தால் சுமார் 4 லட்சம்தான் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஜெயித்த தலைப்பில் ஓர் ஆச்சரியக்குறிகூடக் கிடையாது என்பதைக் கவனியுங்கள். நீங்களும் 100 பேருக்கு ஒன்று, 100 பேருக்கு வேறொன்று என்று அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் இரண்டு மூன்று பேர் வித்தியாசத்தைப் பெரிய வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் படத்தை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். 2021 முதல் ஆப்பிள் போன்களின் அஞ்சல் செயலி, ஆள் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க ஆரம்பித்தது. எத்தனை பேர் நெத்திலி கேட்டார்கள் என்று எண்ணுங்கள், போதும்.

இனி அந்தக் கார்த்திகைக் கடிதம். அதற்கு நான் தலைப்பு வைத்திருந்தால் இப்படி வைத்திருப்பேன்: 'மழை: உங்கள் பார்சல் 4 நாள் தாமதம்'. பணம் கட்டிக் காத்திருக்கிறவர் இதைத் திறக்காமல் இருப்பாரா? திறக்காவிட்டாலும்தான் என்ன, சேதி போய்ச் சேர்ந்துவிட்டதே!

இதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது, தம்பி. 600 பேருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். தலைப்பு: 'எட்டு வாரம் பொய் சொன்னேன்'. உள்ளே நடந்ததை நாலு வரியில் சொல்லி, வேண்டாதவர்கள் விலகிக்கொள்ள வழியும் கொடுங்கள். நூறு பேர் போனாலும் போகட்டும். எத்தனை பேர் நின்றார்கள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். கருவாடு அனுப்ப வேண்டாம், எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது.