ஓப்பன் டிரெய்லருக்கு இரண்டு டிரைவர் தேவையா?



சொந்தமாக டிரெய்லர் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், கன்டெய்னர்காரங்க ரெண்டு டிரைவர் போட்டு நிக்காம ஓட்டுறாங்க. நானும் பிளாட்பெட்டுக்கு அப்படிப் போட்டா டியூ சீக்கிரம் அடையுமா?" நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் உங்களில் பலருக்கு லாரிதான் சோறு போடுகிறது. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சேலத்திலிருந்து மும்பை சுமார் 1,200 கி.மீ. லோடு வண்டி சராசரியாக மணிக்கு 40 கி.மீ. போனால் 30 மணி நேர ஓட்டம். ஒருவர் நாளைக்கு 8 மணி நேரம் ஓட்டினால் நான்காம் நாள் சேரும். இருவர் மாற்றி மாற்றி 16 மணி நேரம் ஓட்டினால் இரண்டாம் நாள் இரவே சேரும். பார்சலுக்கும் பழத்துக்கும் இந்த இரண்டு நாள்தான் காசு. நடுராத்திரி போனாலும் இறக்கிக்கொள்ள ஆள் இருக்கும்.

ஆனால் இரும்புச் சுருளும் குழாயும் மெஷினும் அப்படியல்ல. கேட் காலையில்தான் திறக்கும். கிரேன் வர வேண்டும். பல ஊர்களில் பகலில் கனரக வண்டியை உள்ளே விடமாட்டார்கள். திரும்பும் லோடுக்குக் காத்திருக்க வேண்டும். ரோட்டில் மிச்சப்படுத்திய நேரம் வாசலில் கரைந்துவிடும். அங்கே வண்டியோடு இரண்டு சம்பளமும் சேர்ந்து நிற்கும்.

இன்னொன்று, திறந்த வண்டியை நிற்காமல் ஓட்டவே கூடாது. ஓட்டத்தில் சங்கிலி தளரும், தார்ப்பாய் கிழியும். அமெரிக்காவில் கிளம்பிய முதல் 50 மைலுக்குள் கட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். அதன்பின் 150 மைலுக்கு அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம்மூர்ச் சுருள் மட்டும் தானாக அடங்கி உட்கார்ந்திருக்குமா?

"ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் தூங்கலாமே" என்பீர்கள். பள்ளத்திலும் வேகத்தடையிலும் தூக்கிப்போடும் கேபினில் கண்ணை மூடிக் கிடக்கலாம். அது தூக்கம் ஆகாது. அரைத்தூக்கத்தோடு ஒருவர் இறங்கி, அரைத்தூக்கத்தோடு இன்னொருவர் ஏறினால், வண்டியில் இரண்டு டிரைவர் இருந்தும் முழுசாக விழித்திருப்பவர் ஒருவரும் இல்லை. பின்னால் இருப்பதோ 25 டன் இரும்பு.

அதற்காக, தனியாளாகவே அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றிருந்த விதியை 2018-ல் எடுத்துவிட்டார்கள். கிளீனர் அதற்கு முன்பே பல வண்டிகளில் இறங்கிவிட்டார். இதன் நஷ்டம் பெரியது. தார்ப்பாயின் மறுமுனையைப் பிடிக்க, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்க, டிரைவர் தூங்கும்போது டீசலைக் காவல் காக்க ஒரு ஆள் வேண்டும். நம்ம ஊர் டிரைவர்களில் எத்தனையோ பேர் கிளீனராக ஏறித்தான் தொழில் கற்றார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, "டிரைவரே கிடைக்கலை சார்" என்றால் எப்படி?

ஆகவே என் கருத்து இது. ஓப்பன் டிரெய்லரில் இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். ஆனால் வண்டியை இரவும் பகலும் விரட்டுவதற்கு அல்ல. தொழில் கற்கும் ஒரு பையனை நியாயமான சம்பளத்தில் ஏற்றுங்கள். ஒரு ஆளின் படியை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் இருவருமே நிலைக்கமாட்டார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று சொன்னது. அந்த அளவுக்குத் தகுந்தபடி நடையைத் திட்டமிடுங்கள். அவசர லோடு, கேட் திறந்திருக்கும் என்பது உறுதி, தூரமும் அதிகம் என்றால் மட்டும் இரண்டாவது டிரைவரைப் போடுங்கள். அப்போதும் இரவில் சில மணி நேரமாவது வண்டியை நிறுத்தி இருவரும் தூங்கட்டும்.

மாதத்துக்கு ஒரு நடை குறைந்தால் டியூவைத் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம். போன உயிரை யாரும் திருப்பிக் கட்ட முடியாது.

ஸ்டீயரிங் பிடித்தவர்கள், லோடு கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்க வேண்டாம். வாத்தியாருக்கும் பாடம் நடத்தலாம்.