துண்டாடுவது ஒழுங்கமைப்பதாகாது

மூலநிரலை எத்தனை களஞ்சியங்களாக வெட்டிப் பிரிக்கிறோமோ, அந்த அளவுக்கு மென்பொருள் கூறுமயமாகிவிடும் என்றொரு நம்பிக்கை கட்டற்ற மென்பொருள் உலகில் வேரூன்றியிருக்கிறது. இது கோப்புறைக்கும் கட்டமைப்புக்கும் வேறுபாடு அறியாதவர்களின் நம்பிக்கை.

லினக்ஸ் கணினிகளின் திரையில் சாளரங்களைக் காட்டிவந்த எக்ஸ் சாளர முறைமையை எடுத்துக்கொள்வோம். 2005 டிசெம்பரில் எக்ஸ்.ஓர்க் அமைப்பினர் ஒரே நாளில் இரு வெளியீடுகளைத் தந்தனர். 6.9 பழையபடி ஒரே பெருமரம். 7.0 அதே நிரல்தான். ஆனால் நூற்றுக்கணக்கான தனிப் பொதிகள். அந்தப் பிரிப்பு அவசியமானது என்பதை மறுப்பதற்கில்லை. அதுவரை ஓர் எழுத்துருவிலோ இயக்கியிலோ செய்த சிறு திருத்தமும் முழு மரமும் வெளியாகும் நாளுக்காகக் காத்துக்கிடந்தது. விளையாட்டுச் செய்தி வந்துசேரவில்லை என்பதற்காக வாரமலரையும் நிறுத்திவைக்கும் ஆசிரியபீடம் எங்காவது உண்டா?

ஆனால், கையில் எடுத்த கத்தியைக் கீழே வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நெறிமுறைகளுக்கான தலைப்புக் கோப்புகளையும் நீட்சிக்கு ஒன்றாகப் பிரித்துத் தனிப் பொதிகளாக்கினார்கள். பலவற்றில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய கோப்புகளே. அவையும் அரிதாகவே மாறுபவை. சேவையகத்தைத் தொகுக்க முனைந்த புதியவரோ அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, பதிப்பு எண் பார்த்து, நிறுவியாக வேண்டும். அவருடைய மாலைப்பொழுது அதிலேயே கழிந்துவிடும். திருத்த வந்த வழு அப்படியே கிடக்கும். 2018இல் அவை அனைத்தும் ஒரே பொதியாக மீண்டும் இணைக்கப்பட்டன. இதை உணரப் பன்னிரண்டு ஆண்டுகள்!

லினக்ஸ் கருவகமோ ஆயிரக்கணக்கான இயக்கிகளை ஒரே மரத்தில் வைத்திருக்கிறது. அதைக் கூறுமயமற்றது என்று எவராவது சொல்வாரா? இயங்கிக்கொண்டிருக்கும்போதே கூறுகளை ஏற்றவும் இறக்கவும் அதில் முடிகிறதே! உள் இடைமுகமொன்று மாறும்போது, அதை மாற்றுபவரே மரத்திலுள்ள இயக்கிகளையும் சேர்த்துத் திருத்த வேண்டுமென்பது அங்கே எழுதப்பட்ட நடைமுறை. இயக்கிகள் வெவ்வேறு களஞ்சியங்களில் சிதறிக்கிடந்தால் அந்தப் பொறுப்பை யார் ஏற்பது?

ஆகவே, மரத்தை வெட்டப் புறப்படும் பராமரிப்பாளர்கள் முதலில் தமது மாற்ற வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். இரு கோப்புறைகள் எப்போதும் ஒரே திருத்தத்தில் சேர்ந்தே மாறுகின்றனவெனில் அவற்றுக்கிடையே எல்லைக்கோடு எதற்கு? லினக்ஸிலும் 32 பிட், 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கென இரு கோப்புறைகள் இருந்தன. ஒன்றில் திருத்திய வழு மற்றதில் தங்கிவிடும். 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 பதிப்பில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். எதிர்ப்பு இல்லாமலில்லை, ஆனாலும் செய்தார்கள்.