அம்புக்குறி அசையாதபோது

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

"கருவி கெட்டுவிட்டது" என்று சொல்வது எளிது. "கருவியில் எது கெட்டது?" என்று கேட்பதுதான் கடினம். முன்னதைச் சொல்ல நாக்கு ஒன்று போதும். பின்னதைக் கேட்க அறிவும் பொறுமையும் வேண்டும். மடிக்கணினியின் டச்பேட் திடீரென்று வேலை செய்யாமல் நின்றுவிட்டால், நம்மில் பலர் முன்னதைச் சொல்லிவிட்டுக் கடையை நோக்கி நடக்கிறோம். பின்னதைக் கேட்கும் பழக்கம் நம்மிடையே வளரவேண்டும் என்பதே என் கருத்து.

இது ஒரு சிறு பொருளைப் பற்றிய சிறு செய்திதானே என்று எண்ணிவிட வேண்டாம். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகப் பல இலட்சம் மாணவர்களின் வீடுகளுக்கு முதன்முதலாக ஒரு கணினி வந்து சேர்ந்தது. அத்தகைய வீடுகளில் மற்றொன்று வாங்குவது எளிதான காரியமன்று. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஆய்வேட்டை ஒப்படைக்க மறுநாள். அந்த வேளையில் அம்புக்குறி அசைய மறுத்தால் ஓர் ஏழை மாணவனின் உழைப்பும் உரிமையும் நின்றுவிடுகின்றன. நல்ல கணினி பரணுக்குப் போகிறது; நூறு ரூபாய் வேலைக்கு ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. இவை நேராமல் தடுக்க முடியுமானால், அதை அறிந்துகொள்வது நம் கடமையன்றோ?

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சிறிது அறிவோம். தொடக்க கால மடிக்கணினிகள் சிலவற்றில் அம்புக்குறியை நகர்த்த ஓர் உருண்டை இருந்தது. 1994ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் பவர்புக் 500 வரிசையில் அந்த உருண்டையை நீக்கிவிட்டு, விரலால் வருடும் தட்டையான டச்பேடைப் பொருத்தியது. நாளடைவில் உலகமே அவ்வழியில் சென்றது. அந்தத் தட்டின் அடியில் நெடுக்கும் குறுக்குமாக மெல்லிய மின்கோடுகள் வலைபோல ஓடுகின்றன. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தவல்லது. ஆகவே விரல் நெருங்கும் இடத்தில் அக்கோடுகளின் மின்தேக்கும் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தை ஒரு சிறு சில்லு ஒரு நொடியில் பலமுறை அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது. அம்புக்குறியை நகர்த்துவது நாம் அழுத்தும் வலிமையன்று, விரலின் மின்தன்மையே என்பது இதனால் விளங்கும். பிளாஸ்டிக் குச்சியால் தேய்த்தால் அம்புக்குறி அசையாததற்குக் காரணமும் இதுவே.

இனி, கேட்கவேண்டிய கேள்விகளுக்கு வருவோம். நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தைத் தேடி, அதைத் தீர்க்கும் வழியைக் கண்ட பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் கூறுகிறார். அவர் வகுத்த அந்த முறை மனித உடலுக்கு மட்டுமன்று, மடிக்கணினிக்கும் பொருந்தும்.

முதற் கேள்வி: நின்றது டச்பேடா, கணினி முழுவதுமா? கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளக்கும் அசையவில்லை, எந்த விசையும் வேலை செய்யவில்லை என்றால் குறை டச்பேடில் இல்லை. கணினியே திகைத்து நிற்கிறது. மின்விசையைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் இயக்கினால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது கேள்வி: நம் கையே அதை அணைத்துவிட்டதா? பல கணினிகளில் மேல்வரிசை விசை ஒன்றில் டச்பேடின் சிறு படம் இருக்கும். எஃப்என் விசையோடு சேர்த்தோ தனியாகவோ அதை அழுத்தினால் டச்பேட் அணையும். மறுபடி அழுத்தினால் உயிர்பெறும். அவசரத்தில் தட்டச்சு செய்யும்போது விரல் அதன்மேல் படுவது இயல்பு. வேறு சில கணினிகளில் டச்பேடின் மூலையிலேயே ஒரு சிறு புள்ளி இருக்கும். அதை இருமுறை தட்டுவதே திறவுகோல். மேலும், வெளியே ஒரு மவுஸ் இணைந்திருந்தால் டச்பேட் ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாடும் விண்டோஸில் உண்டு. செருகியது மறந்துபோன கம்பியில்லா மவுஸின் சிறு குமிழ் ஒன்றே இத்தனைக்கும் காரணமாக இருக்கலாம்!

மூன்றாவது கேள்வி: கையும் மின்சாரமும் ஒழுங்காக உள்ளனவா? ஈரக் கை, எண்ணெய்க் கை, வியர்த்த கை ஆகியவை அந்தச் சில்லின் கணக்கைக் குழப்பிவிடும். கணினியை அணைத்துவிட்டு, சற்றே ஈரமான மெல்லிய துணியால் துடைத்து உலரவிடுங்கள். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் அம்புக்குறி துள்ளுகிறது, கழற்றியதும் அமைதியாகிறது என்றால், குற்றவாளி டச்பேட் அன்று. சார்ஜரோ சுவரிலுள்ள பிளக்கோதான். எர்த் இல்லாத பழைய இணைப்புகளில் இத்தொல்லை நேர்வதுண்டு. விடுதி அறையின் சுவரில் உள்ள குறைக்கு மடிக்கணினி தண்டனை பெறலாமா?

நான்காவது கேள்வி: குறை மென்பொருளிலா, உறுப்பிலா? அம்புக்குறி இல்லாமலும் கணினியை ஆளலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. விண்டோஸ் விசையை அழுத்தி, டச்பேட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, என்டர் விசையை அழுத்தினால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். டேப் விசையால் நகர்ந்து, ஸ்பேஸ் விசையால் அணைந்ததை இயக்கலாம். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்திப் பின் எம் விசையைத் தட்டினால் உறுப்புகளின் பட்டியல் வரும். அங்கே டச்பேடின் டிரைவரைப் புதுப்பிக்கலாம். அண்மையில் புதுப்பித்ததால் கெட்டிருந்தால் பழைய டிரைவருக்கே திரும்பலாம். பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்ப்பது மற்றொரு நல்ல சோதனை. அதில் அம்புக்குறி ஓடினால் உறுப்பு நலமாக இருக்கிறது, விண்டோஸில்தான் குறை என்பது உறுதியாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகே உறுப்பின்மேல் ஐயம் கொள்ளவேண்டும். டச்பேடையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் நாடா போன்ற மெல்லிய இணைப்பு தளர்ந்திருக்கலாம். அதைக் கழற்றி மீண்டும் செருகுவது, பழகிய கைக்குச் சில நிமிட வேலை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பல மடிக்கணினிகளில் டச்பேடின் கீழேதான் பாட்டரி இருக்கிறது. டச்பேட் மேலெழும்பி நிற்கிறது, அழுத்தினால் இறங்கவில்லை, கணினியைச் சமமான மேசையில் வைத்தால் ஆடுகிறது என்றால் பாட்டரி உப்பியிருக்கக்கூடும். உப்பிய லித்தியம் பாட்டரி தீப்பிடிக்க வல்லது. உடனே கணினியை அணைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தவோ குத்தவோ மீண்டும் சார்ஜ் செய்யவோ முயலாமல் தேர்ந்தவரிடம் கொண்டுசெல்லுங்கள். எங்கே நாமே செய்யலாம் என்பதைப் போலவே, எங்கே நிறுத்தவேண்டும் என்பதும் அறிவுதான்.

"இதெல்லாம் கணினித்துறை மாணவர்களின் வேலை, இலக்கியமும் வரலாறும் பயிலும் நமக்கு எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சைக்கிளின் செயின் கழன்றால் எந்தத் துறை மாணவனும் கடைக்கு ஓடுவதில்லை. குனிந்து, கையில் மசி படிய மாட்டிவிட்டு மிதிக்கிறான். அதற்குப் பட்டமா வாங்கினான்? சைக்கிளைத் தன்னுடையது என்று எண்ணினான், அவ்வளவே. மடிக்கணினியையோ அயலான் வீட்டுப் பொருள்போல் அஞ்சித் தொடுகிறோம். சான்றுகளை ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதை உண்மை எனக் கொள்ளும் முறையைத்தான் வரலாற்று வகுப்பில் பயில்கிறோம். மேலே கூறிய கேள்விகளும் அதே முறையைச் சேர்ந்தவையே.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்றுண்டு. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கி, கணினி அறிவியல் மாணவர்களைக் கொண்டு மற்றத் துறையினருக்குச் செய்முறைப் பயிற்சி அளிக்கலாம். இக்கேள்விகளைத் தமிழில் எழுதி நூலகச் சுவரில் ஒட்டலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை.

கருவியைச் செய்து விற்போரும் தம் பங்கைச் செய்யவேண்டும். பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய இந்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. இது நல்ல தொடக்கம். ஆயினும், தனக்கு உரிமை இருப்பதை அறியாதவனுக்கு உரிமையால் பயன் என்ன? கருவியின் உள்ளே இருப்பது என்னவென்று கேட்கத் துணிந்தவனே அந்த உரிமையைக் கோரவும் துணிவான்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுபோல, அம்புக்குறி அசையவில்லை என்பதற்காகக் கணினியையே கைவிடுவது பேதைமை. எளிய கேள்வியை முதலிலும் செலவு வைக்கும் கேள்வியைக் கடைசியிலும் கேட்போம். முறையாகக் கேட்பவனைக் கடைக்காரரும் ஏமாற்ற முடியாது. கருவியும் அச்சுறுத்த முடியாது.