‘எந்த ஊர் ப்ரோ?’

பப்ஜி வகை ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது தொடக்கம்தான். நூறு பேர் ஒரே விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். யார் கையிலும் துப்பாக்கி இல்லை. யாருக்கும் பாட்டன் சொத்து இல்லை, ஊர் இல்லை, சேரி இல்லை. கீழே கிடப்பதை முதலில் எடுப்பவருக்கே அது சொந்தம். இந்த நாட்டில் இப்படியொரு தொடக்கம் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

ஆனால் அந்தச் சமத்துவத்தின் ஆயுள் மைக் ஆன் ஆகும் வரைதான். “எந்த ஊர் ப்ரோ?” என்று ஆரம்பிப்பார்கள். ஊரைச் சொன்னால், “அங்க எந்த ஏரியா?” ஏரியாவைச் சொன்னால், “எந்தக் கோயில் பக்கம்?” கடைசியில், “நம்மாளா?” வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது கேட்கிற அதே கேள்விகள், அதே வரிசையில். பதில் பிடிக்கவில்லையென்றால் வசவு, அல்லது அணியிலிருந்து நீக்கம். இன்னொரு பக்கம், ஆட்டக்காரர் பெயரின் வாலில் சாதிப் பட்டம், குழுப் பெயரில் ‘ஆண்ட பரம்பரை’, முகப்புப் படத்தில் சாதிக்கொடியின் நிறம்.

எங்கள் விடுதியில் தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவன் இருக்கிறான். நன்றாக ஆடுவான். யார் கேட்டாலும் ஊர் ‘சென்னை’ என்றே சொல்லிவந்தான். பேச்சு வழக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதால் இப்போது மைக்கையே ஆன் செய்வதில்லை. இது குழுவாக ஆடும் ஆட்டம். “மாடியில ஒருத்தன் நிக்கிறான்” என்று உடனே சொல்ல முடியாதவன் பாதி ஆட்டக்காரன்தான். ஊமையாக ஆடுவதுதான் அவன் சாதியற்றவனாக இருப்பதற்குக் கொடுக்கும் விலை.

2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2021இல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது திரும்பி வந்தது. 2022இல் அதுவும் முடக்கப்பட்டு, 2023இல் மீண்டும் வந்தது. இத்தனை ஆண்டுகளில் நாம் எதைப் பற்றியெல்லாம் பேசினோம்? சீனா, தரவுப் பாதுகாப்பு, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் பணம், கண் பார்வை. சாதி அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

“வெறும் கேம்தானே, இதிலுமா அரசியல்?” என்று கேட்பவர்களுக்கு நாங்குநேரியை நினைவூட்ட வேண்டும். 2023 ஆகஸ்டில் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. மணிக்கட்டுக் கயிற்றை வாத்தியார் பார்க்க முடியும், அவிழ்க்கச் சொல்ல முடியும். செல்போனுக்குள் இருக்கும் கயிற்றை யார் பார்க்கிறார்கள்?

தலித் செயற்பாட்டாளர்கள் கொடுத்த அழுத்தத்துக்குப் பிறகு, ஃபேஸ்புக், யூடியூப் போன்ற தளங்களின் வெறுப்புப் பேச்சு விதிகளில் இன்று சாதியும் இருக்கிறது. நான் ஆடும் ஆட்டத்தின் புகார்ப் பட்டியலிலோ ஏமாற்றி ஆடுவதற்குத் தனிக் கட்டம் உண்டு, சாதிக்கு இல்லை. ஆங்கிலக் கெட்ட வார்த்தையை நட்சத்திரக் குறிகளாக மாற்றும் வடிகட்டி, ஆங்கில எழுத்தில் அடிக்கப்படும் தமிழ்ச் சாதி வசவைக் கண்டுகொள்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இணையக் காணொளியில் இழிவுபடுத்தினாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. அது முக்கியமான தீர்ப்பு. ஆனால் காணொளி சாட்சியாக மிஞ்சும். குரல் அரட்டை காற்றோடு போய்விடும். நான்கு பேர் மட்டும் கேட்ட வசவை ‘பொதுமக்கள் பார்வையில்’ நடந்ததாக நிறுவும் சுமையும் பாதிக்கப்பட்டவர் தலையில்தான் விழும்.

ஆகவே கோரிக்கைகள் எளிமையானவை. இங்கே சம்பாதிக்கும் ஒவ்வொரு கேம் நிறுவனமும் புகார்ப் பட்டியலில் சாதியைச் சேர்க்க வேண்டும். புகாரைப் பார்க்கும் இடத்தில் தமிழும் இங்குள்ள சாதி வசவுகளும் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். சாதிப் பட்டம் தாங்கிய குழுப் பெயர்களை அனுமதிக்கக் கூடாது. பள்ளிகளில் சாதி பற்றிப் பேசும்போது செல்போனுக்குள் நடப்பதையும் பேச வேண்டும்.

அதற்கெல்லாம் காலம் ஆகும். அதுவரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வசவு தொடங்கினால் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கைப் போடுங்கள். முக்கியமாக, நால்வர் அணியில் ஒருவன் கேட்கிறான், ஒருவன் கேட்கப்படுகிறான். மீதி இரண்டு பேர் அநேகமாக வாய் திறப்பதில்லை. அந்த இருவரில் ஒருவர், “ஊர் எதுக்கு? ஆட்டத்தப் பாரு” என்று சொன்னால் போதும், எங்கள் தம்பியைப் போன்ற ஒருவன் மைக்கை ஆன் செய்வான். அதைச் சொல்ல எந்த நிறுவனத்தின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை.