கிணற்று மோட்டாரும் கையடக்கப் பலகையும்

சங்கரன்கோவில் தாலூகாவின் கரிசல் பூமியில் கிணற்றை நம்பிப் பயிரிடும் விவசாயிகள் பலர். பம்புசெட்டு மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லாமையால், ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வீடு திரும்பும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும். பயிருக்குத் தண்ணீர் வேண்டுமா என்பதை அந்த ஸ்டார்ட்டர் அறியாது. 5 குதிரைச்சக்தி மோட்டார் மணிக்கு 4 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கொள்ளும். மின்சாரச் செலவு சர்க்காருடையதாயினும், வீணாகும் கிணற்று நீர் விவசாயியினுடையதே.

இக்குறையை நீக்க, மைக்ரோகண்ட்ரோலர் பலகை என்னும் சிறு சாதனம் உதவக்கூடும். எழுதிப் பதித்த கட்டளைகளை ஓயாமல் நிறைவேற்றும் ஒரு சிப் இதில் உண்டு. இத்தாலியில் மாணவர்களுக்காக 2005-ல் தோன்றிய ஆர்டுயினோவும், ஷாங்காய் எஸ்பிரெஸிப் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ஈஎஸ்பி-32 சிப்பைக் கொண்ட பலகைகளும் பெயர் பெற்றவை. நமது தேசத்தின் சி-டாக் நிறுவனம் வடிவமைத்த ஏரீஸ் பலகையும் உண்டு. இத்தகைய பலகைகளிற் பல சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன.

ஆயினும், வாங்கியவுடன் மோட்டாரை இதன் வசம் ஒப்படைப்பது விவேகமன்று. முதற் போகத்தில் இது அளக்க மட்டுமே செய்யவேண்டும். மண்ணின் ஈரத்தை அளக்கும் உணரிகளில், மின்னோட்டம் பாயும் இரு கம்பி வகை சீக்கிரம் அரித்துப்போகும். மேலே பூச்சிட்ட கெபாசிட்டிவ் வகையே மேல். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. கரிசல் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பில் காற்று புகுந்து உணரியைச் சூழ்ந்தால், அடியில் ஈரம் இருக்கும்போதே நிலம் வறண்டதாகக் காட்டும். அந்தப் பொய்க் கணக்கை நம்பி மோட்டார் ஓடுமாயின், லாபத்திற்குப் பதில் நஷ்டமே மிஞ்சும்.

ஆகவே, நீர் பாய்ச்சி இரண்டு நாள் சென்றபின் பலகை காட்டும் எண்ணையும், நடுப்பகலில் இலை வாடத் தொடங்கும்போது காட்டும் எண்ணையும் குறித்துவைத்து, வேரடி மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்து ஒப்பிடவேண்டும். இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலேயே பாசனத்திற்குரிய அளவு அமையும். ஒரு வயலில் கண்ட எண் அடுத்த வயலுக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இப்பலகை 3.3 அல்லது 5 வோல்ட்டில் இயங்குவது. மோட்டாருக்கு வருவதோ 415 வோல்ட். இரண்டையும் ரிலே மூலம் ஸ்டார்ட்டருடன் இணைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யவேண்டும்.

கடையில் விற்கும் மூடிய பெட்டி பழுதானால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற நேரிடும். இப்பலகையிலோ கெட்ட உறுப்பை மட்டும் மாற்றலாம், ஐ.டி.ஐ. படித்த கிராமத்து இளைஞரே அதைச் செய்துவிடுவார். ஆகையால் கிராம அதிகாரிகள் நாலைந்து விவசாயிகளையும் அத்தகைய இளைஞர் ஒருவரையும் கூட்டி, ஒரு கிணற்றில் ஒரு போகம் பரீட்சித்துக் காட்டுதல் நலம். அளவு அறியாது இறைக்கும் கிணறு, எந்த யந்திரம் வைத்தாலும் வற்றவே செய்யும்.